குதிரை நடந்துதான் போனது

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவுடையது. வெளிநாட்டில் குதிரைச் சவாரி செய்துவிட்டுத் திரும்பிய மறுநாள், என் சமையலறையில் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள். உட்கார முடியவில்லை. தொடை இரண்டும் அப்படி வலித்தன.

"எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா உன் கைச்சரக்கைச் சேர்க்காதே."

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அதுவரை குதிரையைத் தொட்டதுகூடக் கிடையாது. போயிருக்க வேண்டியவர் அவள் கணவர், என் அத்தான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த மூன்று நண்பர்கள், ஐம்பது வயதானதும் ஏதாவது ஒரு மலைநாட்டுக்குப் போய்க் குதிரையேற வேண்டும் என்று பேசிப் பேசி, ஒருவழியாக ஏற்பாடும் செய்துவிட்டார்கள். அதற்குள் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மற்ற இருவரில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் வக்கீல். சில மாதங்கள் கழித்து அக்காவைப் பார்க்க வந்தார்கள். "அவன் இடத்துல நீ வாம்மா தங்கச்சி," என்றார்கள்.

அக்கா ஏன் சம்மதித்தாள்? முதல் வரைவில் இந்த இடத்தில் துக்கத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அவளே அதைக் குறுக்கே அடித்துவிட்டாள். "அவருக்கு அங்க அப்படி என்ன ஆசைன்னு பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

2

தொடக்கம், முதல் முயற்சி: பனி விலகாத புல்வெளியில் அந்தக் கறுப்புக் குதிரை புயலெனப் பாய்ந்தபோது, அவளுடைய கூந்தல் —

"எங்கடி பாஞ்சுது? நடந்துதான் போச்சு. நாலு எட்டு வச்சா நின்னு புல்லு மேயும். என் தலையில ஹெல்மெட்டு. கூந்தலாம் கூந்தல்!"

(கறுப்பும் இல்லையாம். சேறு காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு.)

இரண்டாம் முயற்சி: மரணம் என்பது ஒரு —

இதை நானே விட்டுவிட்டேன்.

3

அத்தான் தன் உயரத்தையும் எடையையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். ஆள் மாறியதை லாயத்துக்குத் தெரிவிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் இருப்பதிலேயே பெரிய குதிரை அக்காவுக்காகக் காத்திருந்தது. கால் நுழைக்கிற வளையங்கள் அவருடைய கால் நீளத்துக்குத் தொங்கின. ஸ்டூல் போட்டு அவளை ஏற்றிவிட்ட பிறகும், கால் அந்தரத்தில் ஆடியது. லாயத்துக்காரி வாரை ஒவ்வொரு துளையாக ஏற்றிக் கட்டினாள்.

"போதுமா போதுமான்னு சைகையில கேக்கறா. எனக்குத் தலையாட்டக்கூட வரல. ஏத்த ஏத்த அவரு குட்டையாயிட்டே போற மாதிரி இருந்துச்சு."

(இந்த வரியை நான் இட்டுக்கட்டியதாகச் சிலர் நினைக்கலாம். இப்படி ஒரு வரி எனக்குச் சொந்தமாக வருமென்றால் நான் ஏன் அக்காவிடம் கதை கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன்?)

4

இரண்டாம் நாள் ஓர் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. பல் டாக்டரின் குதிரை நடுத்தண்ணீரில் நின்றுகொண்டு நகர மறுத்தது. அவர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அது காதை ஆட்டியதோடு சரி. கரையில் நின்ற வக்கீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ரேடியோ மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் குதிரைக்கே ஒரு குரல் குடுத்துப் பேச வச்சிருப்பான்டா!"

"யாருண்ணே ரேடியோ?" என்று கேட்டாள் அக்கா.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? அவன்தான். உன் வீட்டுக்காரன். வாய் ஓயாம பேசுவான்ல? காலேஜ்லேர்ந்தே அவனுக்கு அதான் பேரு."

இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நீங்கள் என் அத்தானைப் பார்த்ததில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளுக்குள் போய்விடுவார். சாப்பிட்டீர்களா என்றால் தலையசைப்பார். 'உம்மணாமூஞ்சி' என்று நானே அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க அவர் அக்காவிடம் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம்.

5

"சொல்லுங்கண்ணே. என்னெல்லாம் பேசுவாரு?"

வழியெல்லாம் சொன்னார்கள். வார்டன் குரலில் பேசி வாட்ச்மேனை ஏமாற்றி விடுதிக் கதவைத் திறக்க வைத்ததை. வக்கீலின் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கி, மாப்பிள்ளைக்கு எதிராகவே வழக்கு நடத்தியதை. மாதத்துக்கு ஒருமுறை மூவரும் கூடும் டீக்கடையில், பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் பேச்சை விட்டுவிட்டு இவர் பேச்சைக் கேட்டதை.

அக்காவும் சிரித்தாள். குதிரைமேல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, இறங்கிவிட்டாள்.

"கால் மரத்துப் போச்சுன்னு சொன்னேன். பொய். அவங்க ரெண்டு பேரு மேலயும் அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. போய்ச் சேர்ந்தவரு மேல அதுக்கும் மேல. இருபது வருஷம்டி! எனக்கு வாய்ச்சது அணைச்சு வச்ச ரேடியோ."

குதிரையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தாள். வக்கீலும் இறங்கி வந்து கூடவே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவன் ஒரு தடவ சொன்னான்மா. 'வெளியில எல்லாரும் என்னைப் பார்த்ததுமே சிரிக்கத் தயாராயிடறாங்கடா. வீட்டுக்குப் போனாத்தான் வாயை மூட முடியுது. அவகிட்ட நான் எதுவும் செஞ்சு காட்ட வேண்டியதில்ல'ன்னான்."

அன்று சாயங்காலம் அக்கா பல் டாக்டரைத் தனியாகப் பிடித்து, அத்தான் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர்.

மிச்ச நாட்களும் அக்கா சவாரி போனாள். புகைப்படங்களில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

6

முடிவு, அ: டீக்கடை. வெளியே மழை. அத்தான் கண்ணாடித் தம்ளரை உருட்டியபடி வக்கீலிடம் அந்த வார்த்தைகளைச் சொல்கிறார். இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அக்கா படித்தாள். தாள்களைச் சீராக அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. நாளைக்கு நானே இதை நம்பிடுவேன்."

முடிவு, ஆ: அந்த மேட்டில், உடைந்து போயிருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, வக்கீல் நின்ற நிலையில் ஒரு சாட்சியத்தை உண்டாக்குகிறார்.

"வேணாம். அவரு பாவம்."

முடிவு, இ: கல்யாணமான புதிதில் அத்தான் பேசத்தான் செய்தார். ஒருநாள் அக்காதான் அவர் வாயை —

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கை நீண்டு வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டது.

"இதை நான் யோசிக்காமயா இருப்பேன்?"

பேனாவை அவளிடமே விட்டுவிட்டேன்.

"அப்ப எப்படித்தான்க்கா முடிக்கறது?"

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"முடிக்காதே. படிக்கிறவங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் பேசாம உட்கார்ந்திருப்பாங்க. ஏன்னு போய்க் கேக்கச் சொல்லு. அவங்களால கேக்க முடியும்ல."