கூப்பிடாத சாட்சி

கரீபியன் கடலில் உள்ள அந்தச் சின்னத் தீவில் சிறிதரன் ஏழு வருடம் கணக்குப் படிப்பித்தவர். 1976 பொதுத்தேர்தலில் அவருடைய பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. அதற்குப் பொறுப்பான அலுவலரும் அவர்தான். மாலையில் தன் கையால் அரக்கு முத்திரை வைத்து அனுப்பிய வாக்குப்பெட்டி, எண்ணும் மண்டபத்துக்கு வேறு முத்திரையோடு வந்தது. இது நான் வைத்த முத்திரை அல்ல என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எண்ணுவதை யாரும் நிறுத்தவில்லை. ஆளுங்கட்சி வென்றது, அவருக்கு வேலை போனது. மனைவி ரஞ்சினியின் அண்ணன் சிட்னியில் இருந்ததால் இருவரும் அங்கே வென்ட்வேர்த்வில் என்ற புறநகருக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் கொஞ்சம் மூச்சு விட்ட நேரம், தீவிலிருந்து எதிர்க்கட்சி வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். தேர்தல் வழக்கு விசாரணைக்கு வருகிறதாம். சிறிதரன் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"திரும்பவும் அங்கையோ?" ரஞ்சினி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தத் தீவில எங்களுக்கு இனி என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லைத்தான். எனக்கும் களைப்பாத்தான் கிடக்கு. ஆனா முத்திரையைப் பாத்தது நான். நான் சொல்லாட்டி ஆர் சொல்லுறது?"

அவள் எழுந்து அவருடைய ஒரே கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள்.

தீவின் நீதிமன்ற விறாந்தையில் சிறிதரன் காலையிலிருந்து காத்திருந்தார். அவரை உள்ளே கூப்பிடவேயில்லை. மனு காலம் கடந்து தாக்கல் செய்யப்பட்டது என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். வெளியே ஆளுங்கட்சிக்காரர் மேளம் அடித்தார்கள். அவரிடம் படித்த ஒருவன், இப்போது பொலிஸ்காரன், முகத்தைப் பார்க்காமலே பின்வாசலால் அவரை அனுப்பிவைத்தான்.

சிட்னிக்கு வந்து இறங்கியபோது கால்கள் வீங்கியிருந்தன. வீட்டுக்கு வந்ததும் ரஞ்சினி தேத்தண்ணி வைத்துக் கொடுத்து எதிரில் இருந்தாள்.

"வழக்கில என்ன சொல்ல இருந்தனீங்கள்?"

"இனி ஏன் அது?"

"எனக்குச் சொல்லுங்கோ. தேர்தல் அண்டைக்கும் ஒண்டும் சொல்லாமத்தானே வந்து படுத்தனீங்கள்."

அவர் மெதுவாகத் தொடங்கினார். "விடியவே மழை. சனம் நனைஞ்சுகொண்டு வரிசையில நிண்டது. ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை, ரஞ்சி. வோட்டுப் போட்டிட்டு எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போனவை..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் செருகியது. ரஞ்சினி அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கதிரையிலேயே தூங்கிப்போனார். மிச்சத்தை எழும்பிச் சொல்லட்டும் என்று அவள் யன்னல் சீலையை இழுத்துவிட்டாள்.