படிக்கட்டு யாருடையது

வக்கீலம்மா பென்சிலை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த தம்பதி வாங்கப்போகும் வீட்டின் வரைபடத்தைச் சுற்றி நிதானமாக ஒரு கோடு போட்டார்.

"இதுக்குள்ள இருக்கிறதுதான் நீங்க வாங்குறது. வாசக்கதவோட முடிஞ்சுது. அதுக்கு வெளிய கட்டடத்துக்காரரோட இடம். நடந்து போகலாம், வரலாம், அவ்வளவுதான்."

"அப்போ வாசல்ல ஒரு மிதியடி போட்டா?" என்று கேட்டான் கணவன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே கண்ணாடியைத் தலையில் கட்டிவிடுகிற பழக்கம் அவனுக்கு. வக்கீலம்மா சிரிக்கவில்லை. மிதியடிக்கும் கேட்டுக்கொள்வது நல்லது என்றார்.

குத்தகை வீடு என்றால் என்ன என்று அவர் ஏற்கெனவே விளக்கியிருந்தார். மண்ணும் சுவரும் கூரையும் வேறொருவருடையவை. உள்ளே குடியிருக்கும் உரிமையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். குத்தகைக் காலம் பேரன் பேத்தி வரைக்கும் தாங்கும், பராமரிப்புச் செலவைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தலையை ஆட்டினார்கள்.

அப்புறம்தான் அவர் அதைக் கேட்டார்.

"வாங்கின பிறகு எதையாவது மாத்தணும், புதுசா வைக்கணும்னு எண்ணம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க. நான் கட்டடத்துக்காரர்கிட்ட எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு கையெழுத்து போடலாம்."

மனைவிக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வீடு இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. அவளுடைய அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், முழங்கால் இரண்டும் போய், ஒரு படி ஏறவே கைப்பிடியோடு மல்லுக்கு நிற்பார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறவரைத் தங்களோடு வைத்துக்கொள்ளத்தான் இந்த வீடே. படிக்கட்டின் ஓரமாகத் தண்டவாளம் போட்டு, உட்கார்ந்த ஆளை மேலே கொண்டுபோகும் நாற்காலி ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். கடைக்காரரிடம் பேசியும் ஆயிற்று.

ஆனால் போன முறை பார்த்த வீடு, இப்படிக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் கை நழுவிப் போனது. இந்த வீட்டுக்கும் இன்னொரு ஜோடி தயாராக நிற்கிறது என்று தரகர் காலையில்தான் சொல்லியிருந்தார். அந்தச் சமையலறை வேறு அவள் மனசில் குடியேறிவிட்டது. நாள் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து ஊரார் கையில் ரத்தம் எடுக்கிறவள் அவள். பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேரே அவ்வளவு பெரிய ஜன்னலைக் கண்டதும், விலையைக் கேட்பதற்கு முன்பே சரி என்று சொல்லியிருந்தாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அப்படி ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

வாங்கின பிறகு யார் வந்து தடுக்கப் போகிறார்கள் என்று வழியெல்லாம் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவனும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சமையலறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

குடிபோன கையோடு கட்டடத்துக்காரருக்கு அனுமதி கேட்டு எழுதினார்கள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. தீ விபத்து என்றால் எல்லாரும் இறங்க இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. அகலம் போதாது. அனுமதிக்க முடியாது.

வக்கீலம்மாவிடம் ஓடினார்கள். அவர் கோபப்படவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. வாங்குவதற்கு முன்பு கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும், ஆனால் அப்போது நீங்கள் கீழ்வீடு ஏதாவது பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். உடனே விற்றால் கைக்கு வருகிறதில் கடனை அடைத்த பிறகு அறைக்கதவுகூட வாங்க முடியாது என்று கணவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

அன்று அவர்களுக்குள் நடந்த சண்டை சத்தமில்லாத சண்டை.

"உங்க அப்பா. நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான்.

"நீங்க ஆரம்பிச்சா கூடச் சேர்ந்துக்கலாம்னு இருந்தேன்."

"உனக்கு அந்த ஜன்னல் மேல எவ்வளவு ஆசைன்னு தெரியாதா எனக்கு?"

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்பா ஒரே ஒரு தடவை மேலே வந்தார். மருமகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். "கிரேன்ல இதைவிட உசரத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன் மாப்பிள்ளை. அப்போ முழங்கால் கம்பெனியோடது" என்றார். தனக்கென்று ஒதுக்கிய அறையில் கட்டிலை அழுத்திப் பார்த்தார். சமையலறை ஜன்னலருகே வெகுநேரம் நின்றார். பிறகு, சின்னவள் வீட்டுக்கே போய்விடுகிறேன், அது தரைத்தளம், பின்னால் கொஞ்சம் தோட்டமும் இருக்கிறது என்று, தனக்கு ஏதோ அதிர்ஷ்டம் அடித்த மாதிரி சொன்னார். தங்கை வீடு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம்.

"நாங்க இதை வாடகைக்கு விட்டுட்டு, கீழ் வீடா ஒண்ணு பார்க்கிறோம்ப்பா."

"வாடகைக்கு விடலாமான்னு அந்த வக்கீலம்மாகிட்ட கேட்டியா முதல்ல?"

கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அவள் தலையில் கையை வைத்தார்.

"அந்த மேடம் கேட்டப்ப நீ ஏன்டா சொல்லல?"

"வீடு போயிடும்னு பயம்ப்பா."

அவர் ஜன்னலை இன்னொரு தடவை பார்த்தார். "நல்ல வீடுதான்" என்றார்.

தங்கை கணவன் வந்து, ரயிலைப் பிடிக்க அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போன மாலை, இருவரும் தெரு முனையில் கார் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார்கள். அப்பா மூச்சு வாங்கின முதல் திருப்பத்தில் அவள் நின்றாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மேல் வீட்டுக்காரம்மா கைக்குழந்தையும் பையுமாக இறங்கி வந்தார். இவர்கள் உட்கார்ந்திருந்ததில் வழி இல்லை. அவர் ஒரு படி மேலேயே நின்று, "பரவாயில்ல, மெதுவா" என்றார். இருவரும் எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். அப்படியும் அவருடைய பை அவள் முழங்காலில் உரசிக்கொண்டுதான் போனது.

வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்தபடியே நின்றாள்.

"கட்டடத்துக்காரர் சொன்னது சரிதாங்க" என்றாள். "இங்க இடமே இல்ல."