சீட்டுக்கு அடியில் சுட்ட கருவாடு

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. ஒட்டுக்கேட்டது. ஜோங்சோன் சந்தைக்குப் பின்னால் தாக் கிஹோவின் பட்டறையில் ஸ்கூட்டரைப் பஞ்சருக்கு விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சர் ஒட்ட அரை மணி நேரம். நான் உட்கார்ந்திருந்தது நாலு மணி நேரம். பதினோரு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியவனுக்கு அடுத்தவர் வீட்டுச் சண்டையை விட்டு எழுந்துபோக மனசு வருமா? ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். வண்டியை மாற்றவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றும் ஒரு டன் டீசல் பிக்கப். என்ஜின் சீட்டுக்கு அடியில்.

முதலில் எழுதிய தொடக்கம்: "என்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு, கணவன் மனைவிக்கு நடுவே நம்பிக்கை இருப்பதுபோல

சீ. அடித்துவிட்டேன். கேஸ்கெட் என்றால் கேஸ்கெட்தான்.

2

பே மல்சுன், ஐம்பத்தாறு வயது. ஜன்னலைத் திறந்துபோட்டு ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே சந்தை சந்தையாக முட்டைக்கோஸ் விற்பவள். அவள் புருஷன் குக் சில்போக், இனிமேல் குடிப்பதில்லை என்று புத்தாண்டன்று சத்தியம் செய்தவர். ஏப்ரலில் ஒரு நாள், ஹீட்டர் போட்டு வண்டிக்குள் தூங்கியவர் தள்ளாடிக்கொண்டே இறங்கினார். முகம் சிவந்திருந்தது. வாந்தி வேறு. சட்டையெல்லாம் சுட்ட புகோ கருவாட்டின் வாசனை.

புகோவைச் சுட்டால் அது கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளத்தான். இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மல்சுன் அன்றே வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

"சத்தியமா குடிக்கல."

"அப்ப கருவாடு தானா வந்து உன் சட்டையில படுத்துக்கிச்சாக்கும்."

எட்டு வாரம் இதே பாட்டு. தலை வலிக்கிறது என்றால், ஊத்திக்கிட்டா வலிக்கத்தானே செய்யும் என்பாள். மயக்கமாக வருகிறது என்றால் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

(நானும் அவரை நம்பவில்லை. இந்தக் கதையின் இரண்டாவது வரைவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டிலை ஒளித்துவைத்தேன். பிறகு வெட்கமாகி எடுத்துவிட்டேன். பாவம் அந்த மனுஷன், கதை எழுதுகிறவனும் நம்பாவிட்டால் எங்கேதான் போவார்?)

3

காலையில் வண்டியைக் கிளப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். அதற்காகத்தான் பட்டறைக்கு வந்தார்கள். புருஷனின் தலைவலிக்காக இல்லை, கவனியுங்கள்.

கிஹோ பக்கத்து சீட்டைத் தூக்கினான். என்ஜின் ஓரத்தில் வெள்ளை நூல் சுற்றிய ஒரு புகோ. வண்டி வாங்கிய அன்று படையல் போட்டு, காவலுக்கு இருக்கட்டும் என்று மல்சுனே கட்டியது. அதன் ஒரு பக்கம் பொன்னிறமாக வெந்திருந்தது. எதிரே, புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கரி அப்பியிருந்தது.

கிஹோ கருவாட்டை முகர்ந்து பார்த்தான்.

"அக்கா, இத உங்க வண்டிதான் சுட்டிருக்கு. கேஸ்கெட் எரிஞ்சுபோயி புகை இது மேல அடிச்சு, அப்படியே மேல வண்டிக்குள்ள ஏறியிருக்கு. தலைவலி, மயக்கம் எல்லாம் அந்த விஷப் புகையாலதான். நீங்க ஜன்னலத் திறந்துவச்சுக் கூவுறதால தப்பிச்சீங்க. அண்ணன் எட்டு வாரமா இது மேலயே உக்காந்திருக்காரு. குளிர்காலமா இருந்து ரெண்டு ஜன்னலையும் மூடியிருந்தா, ஒரு நாள் தூக்கத்துலயே போயிருப்பாரு."

அவரை அந்த சீட்டில் உட்காரவைத்ததே மல்சுன்தான். அவள் கேட்டதெல்லாம் வேலை முடிய எவ்வளவு நேரமாகும் என்பது மட்டும்.

4

கேஸ்கெட் மாற்றுவதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். சுருக்கிவிட்டேன்.* துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து ஊறவிட்டான். ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒட்டியிருந்த பழைய தகட்டைச் சுரண்டி எடுத்தான். குழாயின் முகம் கோணியிருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தான். புதுத் தகட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான்.

* ஒரே மூச்சில் இறுக்கினால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளுமாம். ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து நட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான். மல்சுன் இரண்டு தடவையும் தலையாட்டினாள். அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

5

முடிவு அ: மல்சுன் அழுது மன்னிப்புக் கேட்கிறாள். எழுதினேன். அவள் கேட்கவே மாட்டேன் என்கிறாள்.

முடிவு ஆ: வெறுத்துப்போன சில்போக் நேரே கள்ளுக்கடைக்குப் போய்

இல்லை. அவர் போகவில்லை. அதையாவது நான் சொல்லியாக வேண்டும்.

நடந்தது இது. வண்டி கிளம்பியது. 'டிக் டிக்' இல்லை. மல்சுன் ஓட்டுகிற சீட்டிலிருந்து நகர்ந்து, அவர் எட்டு வாரம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏறு. நீயே ஓட்டு. சந்தை கலைஞ்சிரும்."

சில்போக் கதவைப் பிடித்தபடி நின்றார். "நான் குடிக்கலன்னு உன் வாயால ஒரு தடவ சொல்லு. அப்புறம் ஏறுறேன்."

மல்சுன் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து கிஹோ என் டயருக்குக் காற்றடிக்கக் கம்ப்ரசரைப் போட்டான், படுபாவி. அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தைக்கு மேல் இருக்கும், ஐந்துக்குள் இருக்கும்.

"................"

அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: அதைக் கேட்ட சில்போக், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அதற்குத் தகுந்ததாக எழுதுங்கள்.