மகிலியோவைப் பிறப்பிடமாகக் கொண்ட அலேஸ்

என் கணவர் சவிரிமுத்துவின் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது என்பது ஈஸ்ட் ஹாமில் எல்லோருக்கும் தெரியும். கலியாண வீடோ, பிறந்தநாளோ, எதுவானாலும் 'இரண்டு வார்த்தை' என்றுதான் தொடங்குவார். சோறு ஆறிப்போகும், பிள்ளைகள் கதிரையிலேயே தூங்கிப்போவார்கள், அவருடைய இரண்டு வார்த்தை மட்டும் முடியாது. அப்படிப்பட்ட மனிதர் 2007ஆம் ஆண்டு ஒரு கிக்பாக்ஸிங் போட்டியை நடத்தப் புறப்பட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் அலேசுக்காக என்றபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அலேஸ் கராபன் பெலாரஸ் நாட்டுக்காரன். எங்கள் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறையில் நாலு வருடமாகக் குடியிருந்தான். அந்த அறையின் வாசலுக்குள் தலையைக் குனியாமல் அவனால் நுழைய முடியாது. மகிலியோவ் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் பழகத் தொடங்கியவன், இருபத்திரண்டு வயதில் ஐரோப்பாவின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான். பிராக், பாங்கொக், ஒசாகா என்று ஊர் ஊராகப் போய் அடித்தான். பிறகு ஒரு சண்டையில் கால் எலும்பு முறிந்தது. அதோடு கூப்பிட்டவர்கள் எல்லோரும் மறந்துபோனார்கள். லண்டனுக்கு வந்து இரவு விடுதி வாசல்களில் காவலுக்கு நின்றான். அங்கேதான் கஸ்பர் அண்ணையின் கண்ணில் பட்டான்.

கஸ்பர் அண்ணை யாழ்ப்பாணத்தில் கராத்தே படிப்பித்தவர். இங்கே ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்து ஜிம் நடத்தினார். குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் அலேஸை ஆரம்பத்திலிருந்து திரும்பவும் பழக்கினார். நான் ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நேர்ஸ். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவள் என்பதால் ரிங்கின் மூலையில் என்னையும் நிறுத்திவிட்டார். சண்டைக்கு நடுவே கிடைக்கிற ஒரு நிமிடத்தில் முகத்தில் பட்ட வெட்டை அடைப்பது என் வேலை. ஜிம்முக்கு வருகிற பொடியன்கள் எனக்கு 'கட்மேன் அன்ரி' என்று பெயர் வைத்தார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பிடித்துப்போயிற்று.

அலேஸ் மறுபடி ஜெயிக்கத் தொடங்கினான். தொடர்ந்து ஐந்து சண்டை. அந்த ஐந்தாவது முடிந்ததும் ஜப்பானில் இருந்து செய்தி வந்தது. வருடக் கடைசியில் எட்டுப் பேர் மோதும் பெரிய போட்டி. அதில் ஒரு இடம் காலி. லண்டனில் ஒரு டச்சுக்காரனோடு மோத வேண்டும், ஜெயிப்பவனுக்கு அந்த இடம். அலேசுக்கு வயது முப்பத்துநாலு. இது தவறினால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். லண்டனில் நடத்த ஆளில்லை என்றபோதுதான் என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் நம்முடைய சனம். காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்த பெண்கள்கூட இருந்தார்கள். முன்வரிசையில் ஜப்பான்காரரின் ஆள் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள் அறையில் கஸ்பர் அண்ணை அலேசின் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அவர் பிடித்த 'பாட்' என்ற மெத்தையில் அவன் உதைக்கிற சத்தம் சுவரைக் கடந்து கேட்டது. வியர்வை முத்து முத்தாக வந்துவிட்டது. கையுறையை மாட்டி நாடாவும் ஒட்டியாகிவிட்டது. அடுத்தது சண்டைதான். அப்போது என் கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அலேஸ், ஒருக்கா ரிங்குக்கு வாரும். சின்ன மரியாதை ஒண்டு. அஞ்சு நிமிசம்."

நான் நம்பினேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்துக்குப் பிறகும் நம்பினேன் என்றால் என்னை என்ன சொல்வது.

ரிங்கின் நடுவில் குத்துவிளக்கு இருந்தது. அதை ஏற்ற ஆறு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேலே கூப்பிட்டார்கள். கயிற்றுக்குள்ளால் நுழையத் தெரியாமல் ஒரு பெரியவர் சிக்கிக்கொண்டார். பிறகு கவுன்சிலர் பேசினார். பழைய மாணவர் சங்கத் தலைவர் பேசினார். டச்சுக்காரன் கெட்டிக்காரன், வெளியே வரவே இல்லை. அவனுடைய அறையில் இருந்து பாட் அடிக்கிற சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது. அலேஸ் கால்சட்டை மட்டும் போட்டு வெறும் மேலோடு ரிங்கில் நின்றான். கதவுப் பக்கமிருந்து குளிர் அடித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, உம்மட மனுசனை நிப்பாட்டும். பெடியன்ர உடம்பு ஆறுது" என்றார் கஸ்பர் அண்ணை.

நான் ரிங்கின் பக்கம் ஓடினேன். "இஞ்சாருங்கோ, காணும். நிப்பாட்டுங்கோ."

"நீர் பேசாம இரும். இனித்தான் முக்கியமான கட்டம்" என்று சொல்லிவிட்டு, என் கணவர் மைக்கைக் கையில் எடுத்தார். ஒரு பொன்னாடையை விரித்து அலேசின் தோளில் போர்த்தினார். அவனுக்கு அது ஒரு துவாய் அளவுக்குத்தான் இருந்தது.

"பெலாரஸ் நாட்டின் மகிலியோவைப் பிறப்பிடமாகவும், லண்டன் ஈஸ்ட் ஹாமை வதிவிடமாகவும் கொண்ட அலேஸ் கராபன் அவர்கள்..."

பேப்பரில் மரண அறிவித்தல் இப்படித்தான் தொடங்கும். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் கணவர் விடவில்லை. தகப்பனின் பெயரை அலேஸ் சொல்ல மறுத்துவிட்டானாம், அதனால் தாயின் பெயரை மட்டும் சொன்னார். தையல் ஆலையில் வேலை செய்த ஹன்னா கராபன் அவர்களின் அன்பு மகன் என்றார். பிறகு அவன் பழகிய நிலவறை, முதல் வெற்றி, பிராக், பாங்கொக், கால் முறிந்த கதை, ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். எல்லாம் அலேசுக்கு அரைகுறையாக மட்டுமே விளங்கும் தமிழில்.

கஸ்பர் அண்ணை கயிற்றுக்கு வெளியே நின்று, "அலேஸ், உள்ளே வா, உடம்பு குளிர்கிறது" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார். அலேஸ் தலையை ஆட்டி மறுத்தான். நானும் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அதற்கும் மறுத்தான். பள்ளிக்கூடத்தில் தேசிய கீதத்துக்கு நிற்கிற பிள்ளைபோல் நேராக நின்றான். இந்த மாட்டுக்கு ஏன் புத்தி வேலை செய்யவில்லை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நன்றியுரை முடிந்து மணி அடித்தபோது முக்கால் மணிநேரம் போயிருந்தது.

டச்சுக்காரன் நெருப்பாக வந்தான். அலேசின் கால் அசையவில்லை. உதையைப் பார்த்துவிட்டான், ஆனால் உடம்பு நகர மறுத்தது. காதடியில் பட்டது. விழுந்தான். நடுவர் எட்டு வரை எண்ணுவதற்குள் எழுந்தான். திரும்பவும் விழுந்தான். ஒரே சுற்றில் மூன்று முறை விழுந்தால் சண்டை முடிந்தது. மண்டபம் செத்த வீடாகிவிட்டது. எழும்பமாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு முழங்காலை ஊன்றி, கையுறையைத் தரையில் அழுத்தி, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கி நிறுத்தினான். மிச்ச நேரத்தைக் கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டே தாங்கினான்.

மூலைக்கு வந்தபோது இடது புருவத்தின் மேல் வெட்டு திறந்திருந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மருத்துவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். பஞ்சை மருந்தில் தோய்த்து வெட்டுக்குள் அழுத்தினேன், மேலே வாசலீனை அப்பினேன். ரத்தம் நின்றது. மருத்துவர் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை அசைத்தார்.

"உடம்பு இப்போது சூடாகிவிட்டது அக்கா" என்றான் அலேஸ், ஆங்கிலத்தில், அமைதியாக.

அடுத்த இரண்டு சுற்றையும் என் கண்ணால் பார்த்தேன் என்று நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். பத்து வயது இளைய ஒருவனை அவன் ரிங்கின் நான்கு பக்கமும் ஓட வைத்தான். தொடையில் உதைத்தான், டச்சுக்காரனின் கால் இழுபட்டது. முழங்காலைத் தூக்கி நெஞ்சில் போட்டான். காஞ்சிபுரம் கட்டியவர்கள் கதிரைமேல் ஏறி நின்றார்கள். கஸ்பர் அண்ணை வாய் திறந்தபடி நின்றார், சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. கடைசி மணி அடித்தபோது டச்சுக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அலேஸ் நடுவில் நின்றான்.

புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. கடைசி இரண்டு சுற்றும் எங்களுடையவை. முதல் சுற்றில் விழுந்த இரண்டுக்கும் வெட்டிய புள்ளி அதைச் சாப்பிட்டுவிட்டது. சனம் ஊளையிட்டது. அலேஸ் டச்சுக்காரனின் கையைத் தானே பிடித்து மேலே தூக்கிக் காட்டினான். ஜப்பான்காரரின் ஆள் எழுந்து நின்று அவனுக்குக் கை தட்டினார், பிறகு டச்சுக்காரனின் பக்கம் போனார்.

உள்ளே, நான் அவனுடைய புருவத்துக்குத் தையல் போட்டேன். என் கணவர் கதவடியில் வந்து நின்றார். இரண்டு வார்த்தைகூட வரவில்லை. கண் சிவந்திருந்தது. "என்னாலதான் அலேஸ்" என்றார் ஒருவழியாக.

"ஓம், உங்களாலதான்" என்றேன் நான். ஆனால் ஆத்திரம் அலேஸ்மேலும் இருந்தது. "உனக்கு என்ன வந்தது? நாங்கள் இரண்டு பேரும் கூப்பிட்டோமே. உள்ளே வந்திருந்தால் ஜப்பானுக்குப் போயிருப்பாயே."

நான் ஊசியை இழுத்து முடிச்சுப் போடும்வரை அவன் அசையாமல் இருந்தான்.

"பதினாலு வருடம் சண்டை பிடித்தேன் அக்கா. ரிங்கில் என் எடையைச் சொல்வார்கள், நாட்டைச் சொல்வார்கள், எத்தனை வெற்றி என்று சொல்வார்கள். அம்மாவின் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. ஆலையில் இருந்து வந்து கையுறைக்குள் நான் சுற்றுகிற துணியைத் துவைத்துக் காயப் போடுவாள். நான் அடிபடுவதைப் பார்க்கப் பயந்து ஒரு சண்டைக்கும் வராமலே செத்துப்போனாள். இன்றைக்கு சவிரிமுத்து அண்ணை ரிங்கில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் நான் எப்படி இறங்கிப் போவேன்?"

என் மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அப்போது கலியாணங்களுக்கு வீடியோ எடுக்கிற புவனேசன் தலையை நீட்டினான். முழுச் சண்டையும் பதிவாகியிருக்கிறது, அலேசுக்கு ஒரு கொப்பி போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். கடைசி இரண்டு சுற்றை மட்டும் வெட்டித் தந்தால் யார் பார்த்தாலும் இவன்தான் வென்றான் என்று நினைப்பார்களாம்.

அலேஸ் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

"சண்டை வேண்டாம்" என்றான். "அண்ணையின் பேச்சு போதும்."