'நீங்காத' என்று ஒரு சொல்

அகராதிக்காரர் பகலில் எந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறாரோ, அது சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்துவிடும். 'கழுதை' எழுதிய அன்று கழுதை வந்து மாடிப்படியை அடைத்துக்கொண்டு நின்றது. 'கொட்டாவி' வந்த அன்று தெருவே வாயைப் பிளந்தது. மறுநாள் அடுத்த சொல் வந்ததும் பழையது இடத்தைக் காலி செய்துவிடும் என்பதால் அவர் மனைவி அதைப் பெரிதுபடுத்தவில்லை. வருகிற சொல்லுக்கு நாற்காலியைத் தட்டிப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். இப்படியே ககரம் முடிந்து, சகரம் முடிந்து, மகள் பிறந்து நடக்கவும் ஆரம்பித்த பிறகு, 'தராசு'க்குப் பின்னால் தரித்திரம் வந்தது.

அந்த அலுவலகத்தில் அர்த்தம் எழுதுவது ஒரு அறை, சொல்லின் வேரைத் தோண்டுவது பக்கத்து அறை. வேர்க்கார அம்மாளிடம் போய்க் கேட்பது இவருக்குக் கௌரவக் குறைச்சல். 'கொடிய வறுமை' என்று எழுதினார். மொட்டையாகத் தெரிந்தது. அழகுக்காக அதன் முன்னால் 'நீங்காத' என்று சேர்த்தார்.

வந்தது பரம சாது. நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தது. ஆனால் அது பார்த்ததெல்லாம் இல்லாமல் போயிற்று. அரிசி போனது, அடுப்பு போனது, சுவரின் வெள்ளை போனது, மறுநாள் வந்த 'தலையணை'யும் வந்த சுவடில்லாமல் போனது. கடைசியில் அது குழந்தையைப் பார்த்தது. குழந்தை எடை குறைந்து, முழங்கால் உயரத்தில் மிதக்கத் தொடங்கினாள். மனைவி அவளைத் தன் இடுப்போடு கயிற்றால் கட்டிக்கொண்டாள். 'நீங்காத' சேர்த்த கதையை அவர் அப்போதுதான் சொன்னார்.

"உங்க அழகுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா? போய் அந்தச் சொல்ல அடிச்சிட்டு வாங்க."

"எழுதினதை நான் அடிச்சதே இல்லடி."

அவளுக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் தலைக்கு மேலே மிதந்துவிட்ட குழந்தையைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு நேராக வேர்க்கார அம்மாளிடம் போனாள். பின்னாலேயே அவரும் ஓடினார்.

அந்த அம்மாள் அவர் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஓடுறது, அலையறதுன்னு ஒரு வேர்லேருந்து பிறந்த சொல்லுங்க இது. அதுக்குப் போய் நீங்காதன்னு போட்டா, பாவம், அதுதான் எங்க போகும்?"

அகராதிக்காரர் அப்போதும் தாடையைத் தடவிக்கொண்டுதான் நின்றார். கயிறு விறைத்தது. குழந்தை கூரைப் பக்கம் போய்க்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அந்த அம்மாளின் பேனாவைப் பிடுங்கி 'நீங்காத' என்பதை அடித்தார். குழந்தை தொப்பென்று அவர் கைகளில் விழுந்தாள். அந்தக் கனம் அவருக்குப் போதவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டார்.

வீட்டில் தரித்திரம் எழுந்து சோம்பல் முறித்து, கொல்லைப்புறமாக ஓடியதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். வந்தாலும் அது ஓடிப்போக வழி வேண்டுமே என்று அன்றிலிருந்து அந்த ஊரில் யாரும் கொல்லைக் கதவைத் தாழிடுவதில்லை. அகராதிக்காரர் வீட்டுக்கும் அது அவ்வப்போது வரும். மனைவி தண்ணீர் கொடுப்பாள், நாற்காலி மட்டும் போடுவதில்லை.