மேட்டுப் பக்கத்துச் சுவர்

அந்தத் திறந்தவெளி அரங்கில் மழை இல்லாத நான்கு மாதம் மட்டும்தான் கச்சேரி நடக்கும். வருஷம் பூராவும் நடக்கும்படி அரங்கை மூடிக் கொடுக்கும் வேலை. மேட்டைக் குடைந்து அரைவட்டமாக இறங்கும் கல் படிகளுக்கு மேலே இரும்புச் சட்டங்கள் எழும்பின. சட்டங்களின் மேல் தகடுகள் ஏறிக்கொண்டிருந்தன. கூரை வேலைக்கு வந்த நாற்பது பேருக்கும் அவர்தான் ஃபோர்மேன். வேலையில் புலி. ஆனால் இந்த வேலை கைக்கு வந்த நாளிலிருந்து முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் மேட்டின் உச்சியில் இருந்தது. அரங்கைப் பார்த்த வரிசையில் மூன்றாவது வீடு அவருடையது. ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி மூன்று வருஷமாகப் படுத்திருந்தாள். நரம்பு நோய் முதலில் காலை வாங்கியது, பிறகு இடுப்பை, இப்போது கைகளையும் பிடித்திருந்தது. "மிச்சம் இருக்கறது நாக்கு ஒண்ணுதான். அதையும் சும்மா வெச்சா துருப்பிடிச்சிடும்" என்று பார்க்க வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவாள்.

கச்சேரி நாட்களில் அவர் அரை மணி முன்னதாகவே வேலையை முடித்துக்கொண்டு ஓடி வருவார். அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, ஜன்னல் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பாட்டு மேடேறி அறைக்குள் வரும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தன்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது இந்த ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

இப்போது மேட்டுப் பக்கச் சுவருக்குப் பஞ்சு அடைத்த இரட்டைத் தகடு. பொட்டுச் சத்தம் வெளியே கசியாது. அதைப் பொருத்தப் போவது அவர் கைதான். வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

சுவர் வேலை தொடங்கும் காலையில், மனசு கேட்காமல் இன்ஜினியர் அம்மாவின் அறைக்குப் போனார்.

"மேடம், மேட்டுப் பக்கம் மேலாக்க ரெண்டடி திறப்பு விடலாமா? காத்துக்கு."

"காத்துக்குத்தான் மெஷின் வருதே. என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னார். இன்ஜினியர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"வரைபடத்துல முதல்ல திறப்பு இருந்துச்சு. சத்தம் தாங்கலைன்னு உங்க தெருக்காரங்கதான் மனு கொடுத்தாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார்.

மொத்தம் பதினெட்டுக் கையெழுத்து. ஒன்பதாவது, கோழி கிளறியது போல. பக்கத்தில் அவர் வீட்டு எண். அவர் மனைவியின் பெயர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேடேறினார். அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த மச்சினி, மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மனுல நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன். தங்கச்சிதான் கையைப் பிடிச்சுக்கிட்டா. எழுத்து கேவலமா இருந்திருக்குமே."

அவர் சிரிக்கவில்லை. "உனக்குப் பாட்டு பிடிக்கும்னு நெனச்சேனே."

"பாட்டு பிடிக்கும்ங்க. முடிஞ்சதும் கூட்டம் நம்ம வாசல் வழியாத்தானே போகும்? செருப்புச் சத்தம் கேட்கும். ஒருத்தி 'கால் வலிக்குது, மெதுவா நட'ன்னு புருஷன்கிட்ட சலிச்சுக்கிட்டே போவா." சற்று நிறுத்தினாள். "கால் வலிக்குதாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? மூச்சு வாங்க ஓடி வந்து ஜன்னலைத் திறப்பீங்க. அப்போ உங்க முகத்தை நீங்க பார்த்ததில்ல. நாலு மாசம்னா பல்லைக் கடிச்சுக்கலாம். இனிமே வருஷம் முழுக்கன்னாங்க. பாட்டு வரலைன்னா நீங்களா ஜன்னலைச் சாத்திடுவீங்கன்னு தோணுச்சு."

கிண்ணத்தை எடுத்து மீதிச் சாப்பாட்டை ஊட்டினார். ஒரு வாய் சிந்தியது, துடைத்துவிட்டார். பிறகு வேலைக்கு இறங்கிப் போனார்.

மேட்டுப் பக்கச் சுவர் ஒன்பது நாளில் முடிந்தது. மற்ற பக்கமெல்லாம் ஆட்களை ஏவி வேலை வாங்கியவர், அந்தப் பக்கம் ஒவ்வொரு திருகாணியையும் தானே முடுக்கினார்.

அடைமழைக் காலத்தில் ஒரு மாலை, முதல் கச்சேரி. வேலை செய்தவர்களுக்குப் பின்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். போகமாட்டேன் என்றவரை அவள்தான் விரட்டினாள். மேல்படியில் உட்கார்ந்தார். வெளியே கொட்டிய மழை உள்ளே கேட்கவே இல்லை. வேலை அவ்வளவு சுத்தம். பாடகி குரலெடுத்தாள். மூன்று வருஷமாகத் தான் அந்தப் பாட்டுகளைக் கேட்டதேயில்லை, மனைவியின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகத்தைப் படிக்கவும் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

நனைந்து வந்தவரைப் பார்த்து, "பாதியிலயே வந்துட்டீங்களா?" என்றாள்.

"ம்."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் உக்கார முடியல."

அவள் அழுதாள். நோய் வந்த பிறகு அவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. அழாதே என்று அவர் சொல்லவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடம் போதாத அந்தக் கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவள் எட்டு மாதம் இருந்தாள். எதையும் அவருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவில்லை. முடியை ஒட்ட வெட்டிவிடச் சொன்னாள். விருந்தாளிகள் போதும் என்றாள். மாத்திரை போட்ட பின் ஒரு மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்றாள். அந்த ஒரு மணி நேரமும் அவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருப்பார்.