தீபாவளிக்கு மறுநாள்

நாலாவது வீட்டு வாசலில் ஒரு ஓலைவெடி வெடித்தது. ஒன்றே ஒன்றுதான். உடனே இரண்டு ஆண்கள் ஏசுகிற சத்தமும் ஒரு பிள்ளை அழுகிற சத்தமும் கேட்டன. ஆவுடையம்மாள் புருஷனின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பிரேதம் கிடக்கிற தெருவில் அதை எடுக்கிற வரைக்கும் யாரும் அடுப்புக்கூட மூட்டமாட்டார்கள். தென்காசியின் அந்தச் சின்னத் தெருவில் நல்லநாளும் அதுவுமாக முப்பது வீட்டுப் பிள்ளைகள் புதுச்சட்டையும் கையில் மத்தாப்புப் பெட்டியுமாகக் காத்துக் கிடந்தார்கள்.

வாசலில் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்த சேக் தாவூதை அவள் கூப்பிட்டாள். அவள் புருஷன் குற்றாலிங்கம் ஓட்டின பஸ்ஸில் பதினோரு வருஷமாக அவன்தான் கண்டக்டர்.

“தம்பி, பிள்ளையளை ஏசவேண்டாம்னு சொல்லுங்க. அதுக என்ன செய்யும். போடட்டும்.”

தாவூது சரி என்று தலையை ஆட்டினான். ஆனால் போய்ச் சொல்லவில்லை. அவன் காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். திருநெல்வேலியிலிருந்து தீபாவளிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு விடிய ஆறு மணிக்கு வண்டி வந்து சேர்ந்தது. ஆட்களை இறக்கிவிட்டு அண்ணாச்சி, பஸ் ஷெட் வாசல் கடையில் டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் டம்ளர் அப்படியே இருந்தது, தலை மட்டும் சாய்ந்திருந்தது. பண்டிகை நாளில் இரண்டு நாள் தூங்காத மனுஷன், கொஞ்சம் கண்ணயரட்டும் என்று பக்கத்தில் யாரையும் பேசவிடாமல் பத்து நிமிஷம் காவல் நின்றானாம் தாவூது. அந்தப் பத்து நிமிஷம் அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

அறுக்கத்தான் செய்யும். ஆனால் ஆவுடையம்மாளுக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. மடியில் படுத்திருந்த ஐந்து வயசுத் தங்கபுஷ்பம் காலையிலிருந்து மூன்று தடவை அவள் காதில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டாள். நாளைக்கு நம்ம நாள் உண்டாம்மா?

பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு நல்லநாள் பொல்லநாள் கிடையாது. ஊரெல்லாம் ஊருக்குப் போகிற அன்றைக்குத்தான் டிரைவருக்கு வேலை கழுத்துவரை வரும். கல்யாணமான வருஷம் தலைதீபாவளிக்குக் குற்றாலிங்கம் மாமனார் வீட்டுக்கு வந்ததே மறுநாள் மத்தியானம்தான். வந்தவன் வெற்றிலைப்பாக்கைக்கூட வாங்காமல் பாயில் விழுந்து தூங்கினான். ஆவுடையின் அப்பாவுக்கு வந்த கோபம் ஆறு மாசம் ஆறவில்லை.

மூத்தவன் சங்கரநாராயணனுக்கு மூன்று வயசாயிருந்தபோதுதான் அவள் அந்த முடிவை எடுத்தாள். அப்பா இல்லாமல் புதுச்சட்டை போடமாட்டேன் என்று அவன் அழுதான். போடாதே, அப்பா வரட்டும், நாளைக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலையில் வந்த குற்றாலிங்கம் அதைக் கேட்டு அப்படிச் சிரித்தான். தூக்கத்தை உதறிவிட்டு, கிரீஸ் மணக்கிற கையால் பையன் தலையில் நல்லெண்ணெயைக் குளிரக் குளிரத் தேய்த்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. தீபாவளியன்று அந்த வீட்டில் சாதாரண நாள்போல இட்லியும் துவையலும்தான். மறுநாள் எண்ணெய்க் குளி, புதுத்துணி, அப்புறம் நாலு பேருமாகக் குற்றாலத்துக்குப் பயணம். தெருப் பிள்ளைகள் ‘பழைய தீவாளி, பழைய தீவாளி’ என்று கேலி பண்ணும். சங்கரன் அசரமாட்டான். உங்களுக்கு முடிஞ்சு போச்சு, எங்களுக்கு இன்னும் இருக்கு என்பான். தையல்காரர் நாறும்பூநாதனுக்கு இந்தக் குடும்பத்தின் மேல் தனிப் பிரியம். தீபாவளிக்கு முந்தின நாள் அவர் கழுத்தைப் பிடிக்காத ஒரே வீடு இதுதான்.

சுரண்டையிலிருந்து குற்றாலிங்கத்தின் அக்கா மூக்கம்மாள் வந்துசேர மத்தியானமாகிவிட்டது. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தெருமுனையிலேயே அவள் கதறல் கேட்டது. அதற்கப்புறம் நேரம் வேகமாக ஓடியது. குற்றாலிங்கத்தின் அண்ணன் நெல்லையப்பன் முன்னால் நின்று எல்லாம் நடத்தினார். எட்டு வயசுச் சங்கரன் கையில் நெருப்புச் சட்டியோடு நடந்து போனான். திரும்பி வரும்போது அவன் தலையில் முடி இல்லை. காது இரண்டும் திடீரென்று பெரிசாகத் தெரிந்தன. அதைப் பார்த்தபோதுதான் ஆவுடையம்மாளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது, அதுவரை அவள் வாய்விட்டு அழவில்லை.

ஆண்கள் குளித்துவிட்டு வெளியே உட்கார்ந்தார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாகப் புகை எழும்பியது. தூரத்தில் பயந்து பயந்து ஒரு சரவெடி வெடித்து நின்றது. உள்முற்றத்தில் பெண்கள் நடுவில் மூக்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

“செத்தது நல்லநாள்ல. இனிமே இந்த வீட்டுக்குத் தீவாளி கிடையாது. ஒரு வருசம் இல்ல, எந்த வருசமும் கிடையாது. வம்சத்துல ஒரு பிள்ளை இதே நாள்ல பிறந்தாத்தான் உண்டு. ஏட்டி ஆவுடை, சொல்லுதது கேக்கா?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த முறை அது. சுரண்டையில் ஒரு வீட்டில் பொங்கலன்று ஒரு சாவு விழுந்து, நாற்பது வருஷமாக அந்த வாசலில் பொங்கல்பானை ஏறவில்லை என்று கதையும் சொன்னாள். சுற்றி இருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தைக்கக் கொடுத்த துணியை யாராவது இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள் ஒருத்தி.

தங்கபுஷ்பம் அம்மாவின் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். இந்தத் தடவை காதில் கேட்கவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“அப்பம் நம்ம நாளும் கிடையாதாம்மா?”

ஆவுடையம்மாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் இந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் எப்போதும் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. போனவன் தன் தூக்கத்தைக் கொடுத்து உண்டாக்கின நாள். வேறு எந்தச் சொத்தை அவன் வைத்துவிட்டுப் போனான்?

“மதினி, நீங்க சொல்லுதது சரிதான். இந்த வீட்டுல இனிமே தீவாளி வேண்டாம்” என்றாள். குரல் தணிவாகத்தான் இருந்தது. “ஆனா தீவாளி எங்களுக்கு எப்பம் இருந்துச்சு? அஞ்சு வருசமா எங்க நல்லநாள் மறுநாள்தான். நாளைக்குத்தான். அந்த நாள்ல இந்த வீட்டுல யாரும் சாவல.”

முறை என்று எடுத்துப்போட மூக்கம்மாளிடம் இதற்கு எதுவும் இல்லை. நாளைக்குக் காடாத்து இருக்கிறது, அஸ்தி கரைக்கணும் என்றாள். சிற்றாற்றில் கரைப்பதாக ஆண்கள் பேசிவைத்திருந்தார்கள்.

“குத்தாலத்துல கரைக்கட்டும். நானும் பிள்ளையளும் போறோம்.”

“புருசன் செத்த மறுநாளே பொண்டாட்டி பஸ் ஏறிப் போனான்னு ஊரு சிரிக்கும்ட்டி.”

“சிரிக்கட்டும் மதினி. பழைய தீவாளின்னு சிரிச்ச ஊருதான.”

மூக்கம்மாள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் வாசல் நடைக்கு வந்து தாவூதைக் கூப்பிட்டு, நாறும்பூநாதன் வீட்டில் போய்த் துணியை வாங்கிவரச் சொன்னாள். கடை அடைத்துக் கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்த மனுஷன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வந்து கடையைத் திறந்தாராம். பையன் சட்டைக்குப் பொத்தான் வைக்காமல் கிடந்தது. இருந்து வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நெல்லையப்பனும் சங்கரனும் நாலைந்து பேரோடு சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்கினார்கள். அவர்கள் வருவதற்குள் ஆவுடையம்மாள் கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தங்கபுஷ்பத்தை முற்றத்தில் உட்கார வைத்தாள். தீட்டு வீட்டில் எண்ணெய் தேய்க்கிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்று அடுத்த வீட்டில் யாரோ சொன்னது கேட்டது. அவள் தேய்த்தாள். அவன் தேய்க்கிற மாதிரி அவளுக்கு வரவில்லை. அவன் உச்சியில் பட்டுப் பட்டென்று தட்டுவான், பிள்ளைகள் நெளிந்து சிரிக்கும். அவள் தட்டவில்லை. அவனில்லாமல் இதைச் செய்வது இவ்வளவு கஷ்டமாயிருக்கும் என்று நேற்று பேசும்போது அவளுக்குத் தெரியாது. என்றாலும் நிறுத்தவில்லை.

“எண்ணெ கண்ணுல விழப்போவுது. நெத்தியில கைய வச்சுக்கிட்டுத் தேய்” என்றது ஒரு குரல். மூக்கம்மாள் சுவர்ப் பக்கம் பார்த்தபடியேதான் படுத்திருந்தாள். ஆவுடையம்மாள் நெற்றியில் கையை அணைத்துக்கொண்டு தேய்த்தாள்.

சங்கரன் சட்டை போடக்கூடாது, கொள்ளி வைத்த பிள்ளை. வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டு, சிவப்புத் துணியில் வாய் கட்டின சின்ன மண்பானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். புதுச்சட்டையை அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். போடாவிட்டாலும் கூட வரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கம் மட்டும் பச்சைப் பாவாடையில் இருந்தாள்.

குற்றாலம் பஸ்ஸில் தாவூது அன்றைக்கு வேலை மாற்றிக்கொண்டு ஏறியிருந்தான். முன்னால் இரண்டு சீட்டைக் காலி பண்ணி வைத்திருந்தான். அவள் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதுதான் அவர்கள் சீட்டு. அந்த ஒரு நாள் குற்றாலிங்கம் டிரைவர் பக்கமே தலைவைக்கமாட்டான். நாலு டிக்கெட் வாங்கிக்கொண்டு பிரயாணியாகத்தான் வருவான். நெல்லையப்பன் குடையும் கையுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டார். பானையைக் கீழே வைக்கக்கூடாது, யார் கையிலும் மாற்றக்கூடாது, தண்ணீரில் விடுகிறவரை அவன் கைதான் என்று சங்கரனிடம் இரண்டு தடவை சொன்னார்.

பஸ் புறப்பட்டது. மழை மெல்லிசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே மலை பாதிவரை மேகத்துக்குள் இருந்தது.

அந்தப் பயணத்துக்குக் குற்றாலிங்கம் ஒரு சட்டம் வைத்திருந்தான். போகிற வழியில் பிள்ளைகள் எங்கே கண்டக்டர் மாதிரி ‘ஆள் எறக்கம்’ என்று சொல்லுகிறார்களோ அங்கே இறங்கிவிட வேண்டும். எதற்கு என்று கேட்கக்கூடாது. மிச்ச தூரத்தை நடக்க வேண்டும். வருஷமெல்லாம் மற்றவர் சொன்ன இடத்தில் நிறுத்துகிறேன், இன்றைக்கு என் பிள்ளை சொன்ன இடத்தில் நான் இறங்குகிறேன் என்பான். நயா பைசா வந்த வருஷம் பஸ் கிளம்பி நூறு அடி போவதற்குள் சங்கரன் சொல்லிவிட்டான். அவ்வளவு தூரமும் தங்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான் குற்றாலிங்கம்.

இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மேலகரம் வந்தது. இரண்டு பேர் இறங்கி மூன்று பேர் ஏறினார்கள். தங்கம் அம்மா முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அண்ணன் கையிலிருந்த பானையைப் பார்த்தாள், வாயை இறுக்கிக்கொண்டாள். ஆவுடையம்மாளுக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னால் அது சேராது. பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். முன்னால் தாவூது விசிலைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஊர் தாண்டி வயல் வந்தது. பாலம் ஒன்று போனது. இன்னும் கொஞ்ச தூரம்தான். இப்படியே போய் இறங்கினால் இன்றைக்குக் காடாத்து மட்டும்தான் நடந்ததாக ஆகும் என்று அவள் நினைத்தாள்.

“ஆள் எறக்கம்.”

சொன்னது சங்கரன். பானையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னான். தாவூதுக்கு அது போதும். விசிலை வண்டியே அதிர்கிறமாதிரி ஊதினான்.

நெல்லையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏலே, இன்னும் ஒரு மைல் இருக்கு, மழை வேற என்றார். அதற்குள் ஆவுடையம்மாள் எழுந்து தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தாள். பின்னால் சங்கரன். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கிக் குடையை விரித்தார். பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் வயலும் நடுவில் நனைந்த ரோடும்தான் மிச்சம்.

தங்கம் முதல் குட்டையிலேயே இரண்டு காலாலும் குதித்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றதும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சங்கரன் பானையோடு ஒரு கிழவனைப்போல அடிமேல் அடிவைத்து நடந்தான். தங்கை போகிறதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தவன், அம்மா பக்கம் திரும்பினான்.

“நான் ஓடக்கூடாது, என்னம்மா?”

அவள் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

“கை மாத்தக்கூடாதுன்னு சொன்னேம்லா” என்றார் நெல்லையப்பன்.

“தெரியும் அத்தான்.” புருஷனின் அண்ணனிடம் அவள் முகம் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. “எனக்குத் தெரியும்.”

பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சங்கரனுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஓடு” என்றாள்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். மெல்ல ஓடினான், அப்புறம் வேகமாக ஓடினான். தூறலில் மொட்டைத் தலை பளபளவென்று போனது. முன்னால் தங்கம் ஏதோ கத்த, இவன் ஏதோ கத்தினான்.

நெல்லையப்பன் வந்து குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பிள்ளைகள் இரண்டும் ரோட்டு வளைவை நெருங்கிவிட்டிருந்தன. ஆவுடையம்மாள் பானையை இடுப்பில் சரியாக அணைத்துக்கொண்டு, நடையை எட்டிப் போட்டாள்.